யாருக்காகப் பேசுவது?

கடலில் ஒரு தோணி தத்தளித்தால், அது எந்தச் சமயத்தவனுடையது என்று பேசாலையானும் கேட்பதில்லை, எருக்கலம்பிட்டியானும் கேட்பதில்லை. கரைக்கு வந்தபின்தான் அந்தக் கேள்வி பிறக்கிறது. இதை எண்ணும்போது சேர் பொன். இராமநாதனின் நினைவு வருகிறது.

1851இல் பிறந்தவர், அப்புக்காத்து. தாய்மாமன் முத்துக்குமாரசுவாமிக்குப் பின், 1879இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியானார். 1892இல் சொலிசிற்றர் ஜெனரல். சைவரான அவர் மத்தேயு, யோவான் நற்செய்திகளுக்கு ஆங்கிலத்தில் விரிவுரை எழுதியதை நம்மில் பலர் அறியோம். (அவர் கொண்ட பொருளெல்லாம் நமக்கு உடன்பாடல்ல; அது வேறு விஷயம்.)

1915 மே மாதக் கடைசியில் கண்டியில் சிங்கள-முஸ்லிம் கலவரம் மூண்டது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் நாசமாயின. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. விசாரணையின்றியே சிங்களவர் சிலர் சுடப்பட்டனர். ஜூலையில் ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் இராணுவ மன்றத் தீர்ப்பினால் கொல்லப்பட்டார். இராமநாதன் வாய்மூடி இருந்திருக்கலாம். இருக்கவில்லை. சபையில் எழுந்து அரசாங்கத்தைக் கண்டித்தார். 1916இல் இலண்டனில் அதை நூலாகவும் வெளியிட்டார். சிங்களத் தலைவர்கள் அவரை வண்டியில் ஏற்றித் தம் கைகளாலேயே இழுத்துச் சென்றனர். அவரைத் தெரிவு செய்தவர்களில் சிங்களவரும் அநேகர் என்று சொல்லி இச்செயலைக் குறைப்பவர் உண்டு. நான் குறைக்க மாட்டேன்.

குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு விசாரணை கேட்பது, அடிபட்டவனுக்கு எதிரான பேச்சல்ல. இரண்டும் ஒரே நீதிதான். ஆனால் மனிதனுடைய நாவு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. தமக்காக அந்தக் குரல் அதே வேகத்தில் எழவில்லை என்ற மனக்குறை முஸ்லிம்களிடம் நீடித்தது. சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் கட்டுரை வாசித்தவர் அவர். 'நம்மவர்' என்றவருக்கு அடி விழுந்தபோது அந்த உறவு எங்கே போயிற்று?

அவரைக் கேட்க நமக்கு உரிமையுண்டா? 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். தலைமுறைகளாக அயலில் வாழ்ந்தவர்கள், கையில் எடுத்ததோடு கடல்வழியே கற்பிட்டிப் பக்கம் போனார்கள். நம் பிள்ளைகள் காணாமற்போனபோது எல்லா வாசல்களிலும் நீதி கேட்டோம், கேட்டது சரியே. அந்த அயலவருக்காக எத்தனை வாசலில் நின்றோம்? அன்று துவக்கு இருந்தது, பயம் இருந்தது, மறுக்கவில்லை. 2009இன் பின் அவர்கள் திரும்பிவந்து காணி கேட்டபோது அந்தத் துவக்கு இல்லை. அப்போது நம் வீட்டு விறாந்தைகளில் அவர்களைப்பற்றி என்ன பேசினோம் என்பது, பக்கத்தில் இருந்து கேட்ட பிள்ளைகளுக்குத் தெரியும்.