ஊர் பார்க்கும் உரிமை

சிலப்பதிகாரத்தில் ‘ஊர்காண் காதை’ என்று ஒரு பகுதி இருக்கிறது. புகாரிலிருந்து காவிரிக் கரையோடு நடந்து மூன்று பேர் மதுரையின் புறஞ்சேரிக்கு வந்து சேர்கிறார்கள்: கோவலன், கண்ணகி, அவர்களுக்கு வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள். அங்கிருந்து கோவலன் மட்டும் நகருக்குள் போகிறான். மணி விற்கும் கடைத்தெரு, பொன் விற்கும் தெரு, துணிக்கடை வீதி, தானியக் கடைகள் என்று ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். கண்ணகி கவுந்தியின் பொறுப்பில் புறஞ்சேரியிலேயே இருக்கிறாள். அவளும் அதே தூரத்தை நடந்தவள்தான். ஆனால் ஊர் பார்ப்பது அவளுக்கு வாய்க்கவில்லை. பிறகு அவள் மதுரை வீதிகளில் நடக்கும்போது கையில் ஒற்றைச் சிலம்பு இருக்கிறது, கணவன் வெட்டுண்டு கிடக்கிறான்.

ஆண் சும்மா தெருவில் நடக்கலாம். பெண் நடக்க ஒரு காரணம் வேண்டும். தண்ணீர், கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், சாவு என்று ஏதாவது ஒன்று. காரணம் எதுவும் இல்லாமல், வெளிச்சத்தையும் கூட்டத்தையும் கடைகளையும் பார்ப்பதற்காகவே ஒரு பெண் நடப்பது உரிமையா, யாரோ தரும் அனுமதியா? உரிமை என்றால், அதை நமக்குச் சாத்தியமாக்குகிறவர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

ஐரோப்பாவின் பழைய நகரங்களில் டிசம்பர் மாதம் கிறிஸ்துமஸ் சந்தைகள் கூடுகின்றன. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரச் சந்தை 1434-இல், திருநாளுக்கு முந்தைய நாள் கூடும் ஒரு நாள் சந்தையாகத் தொடங்கியது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் சந்தைக்கு 1570 வரை போகும் வரலாறு உண்டு. இன்று இந்தச் சந்தைகளைச் சுற்றிக்காட்ட வழிகாட்டிகள் இருக்கிறார்கள். கட்டணம் கட்டிவிட்டு, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் போய் நின்றால் போதும். வழிகாட்டி முன்னே நடப்பார். இந்தத் தேவாலயம் எப்போது கட்டியது, இந்தச் சதுக்கத்தில் முன்பு என்ன விற்றார்கள், இஞ்சி ரொட்டி எங்கே வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டே போவார். தனியாகப் பயணம் போகும் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இருட்டிய பிறகு, தெரியாத ஊரில், வெளிச்சமான தெருவில், யாராவது கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருக்கும் துணிவோடு நடக்கலாம். ‘இங்கே என்ன செய்கிறாய்?’ என்ற கேள்வி எழாது. சுற்றுலா என்பதே காரணமாகிவிடுகிறது.

நம் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் இந்த வேலையைத் திருவிழா செய்கிறது. ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை ஆலயத்துக்குக் கிறிஸ்துமஸ் இரவில் போவதற்கு எந்தப் பெண்ணும் வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்தவர் அல்லாத பெண்களும் அங்கே போகிறார்கள். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்கள், வெள்ளிக் கிழமைகளில்தான் திறக்கும். அந்த இரண்டு நாளும் சுற்றுவட்டாரப் பெண்கள் வீட்டிலிருந்து கிளம்ப ஒரு காரணம் கிடைக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் பிறந்த ஆடித் திருவாதிரை கொண்டாடப்படும்போது கலை நிகழ்ச்சி பார்க்கவும் போகலாம். 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தக் கோயிலின் புல்வெளியில் குடும்பத்தோடு உட்காரவும் செய்யலாம்.

சாமி கும்பிட ஆகும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் கடைகள். வளையல், ரிப்பன், பொட்டு, பொரி, பேரீச்சம்பழம், பஞ்சுமிட்டாய், பிளாஸ்டிக் குடம், குழந்தைக்கு ஊதல். கிறிஸ்துமஸ் என்றால் காகித நட்சத்திரமும் குடில் பொம்மைகளும். எதையும் வாங்காமல் கடை கடையாக நின்று விலை கேட்டுவிட்டு நகர்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்துக்குப் பெயர் ‘சாமி கும்பிடப் போனோம்’. நம் ஊரில் சாமிதான் வழிகாட்டி.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருவிழாவுக்குப் போக ஆணிடம் கை நீட்ட வேண்டியிருந்த பெண்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனாலும் கேட்க வேண்டியது பணம் மட்டும் அல்லவே. பேருந்துக்குக் காசு வேண்டாம் என்று அரசு சொல்லிவிடலாம். ‘எதற்குப் போகிறாய்?’ என்ற கேள்வியை அரசாணை போட்டு நிறுத்த முடியாது. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி 2011-இல் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற நூல் இதைத்தான் பேசுகிறது. பெண் பொதுவெளியில் இருக்க வேண்டுமானால் தனக்கு அங்கே ஒரு வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேலையே இல்லாமல் சுற்றுவதற்கான உரிமையைத்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள் அவர்கள்.

திருவிழா தருவது இந்த உரிமை அல்ல, இரவல். கொடி இறங்கியதும், கடைகள் கட்டப்பட்டதும், அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதே சாலையில் மறுவாரம் எட்டு மணிக்கு அதே பெண் நடந்தால் மீண்டும் கேள்வி எழும். இந்த இரவலும் எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரிக் கிடைத்ததில்லை. 1924-இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்கானது அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கானது. நாகம்மையும் கண்ணம்மாளும் அதில் கலந்துகொண்டார்கள். தெருவில் நடப்பது எவ்வளவு பெரிய அரசியல் என்பதை அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். ‘பாரம்பரியத் தெரு’ என்று வழிகாட்டி அழகாகச் சொல்லும்போது, இந்தத் தெருவில் யார் நடக்கக்கூடாது என்று இருந்தது என்றும் ஒரு பெண் கேட்க வேண்டும்.

இதுவரை பேசியது நடக்கும் பெண்ணைப் பற்றி. அந்தத் தெருவில் நடக்காத ஒரு பெண்ணும் இருக்கிறாள். வளையல் கடையில் உட்கார்ந்திருப்பவள், பூ கட்டிக்கொண்டிருப்பவள், பொரி அளப்பவள். திருவிழாவில் அவளுக்குத் திருவிழா இல்லை. நாம் அவளைக் கடந்து போகிறோம், அவள் அங்கேயே இருக்கிறாள். நமக்குப் பயம் இல்லாமல் இருப்பதற்கு அவள் அங்கே இருப்பதும் ஒரு காரணம்.

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் நகரங்களைப் பற்றி எழுதிய நூலில், தெருவைப் பத்திரமாக வைத்திருப்பது முதலில் போலீஸ் அல்ல, தெருவின் மேல் இருக்கும் கண்கள் என்றார். கடைக்காரர்கள், திண்ணையில் இருப்பவர்கள், ஜன்னலில் நிற்பவர்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு இதைப் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரவு பேருந்து நிலையத்தில் இறங்கும் மாணவி முதலில் தேடுவது என்ன? பூக்கார அம்மா இருக்கிறாரா, இட்லிக் கடை அக்கா இருக்கிறாரா என்றுதான் அவள் கண் தேடும். இருந்தால் அந்தப் பக்கமாகப் போய் நிற்பாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடும் அரியலூர்ச் சாலைகளில், ஒரு தள்ளுவண்டியின் விளக்கு தரும் தைரியத்தை நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அந்த அம்மா நமக்குக் காவல் இருப்பதற்காக அங்கே உட்காரவில்லை, பூ விற்க உட்கார்ந்திருக்கிறார். நினைத்துச் செய்யாத உதவிக்கு எப்படிக் கடன்பட முடியும்? மர நிழலில் நின்றதற்கு மரத்துக்குக் கடன் உண்டா?

இதை நன்றியாகப் பார்த்தால் மறுப்பு சரிதான். நியாயமாகப் பார்த்தால் சரியல்ல. தெருவிளக்குக்கு நாம் வரி கட்டுகிறோம். அதே வேலையை உடம்பால் செய்யும் பெண்ணுக்கு யாரும் எதுவும் கட்டுவதில்லை. மாறாக, அவள்தான் கட்டுகிறாள். தரைக்கடைக்குக் குத்தகைக்காரர் கேட்கும் காசு அவளுடையது. ஒதுங்க இடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பகலும், அதனால் வரும் நோயும் அவளுடையவை. குடிபோதையில் வருபவனின் பேச்சும் அவளுக்குத்தான். ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்று வண்டி வந்தால் தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவள்தான். நம் பயமின்மையில் ஒரு பங்கை அவள் உண்டாக்குகிறாள், அதன் செலவு முழுவதையும் அவளே ஏற்கிறாள். அந்தப் பங்கை எடுத்துக்கொண்டு, அவளை அப்புறப்படுத்தும்போது மட்டும் ‘தெரு சுத்தமானது’ என்று நாம் பேசாமல் இருந்தால், அது நன்றிகெட்டதனத்தைவிட மோசமானது. அநியாயத்தில் நமக்கும் பங்கு வந்துவிடுகிறது.

‘அவளும்தான் தெருவில் இருக்கிறாள், அவளுக்கும் சுதந்திரம்தானே’ என்று சொல்லிவிடலாம். ஆனால் உழைக்கும் சாதிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வெளியில்தான் இருந்திருக்கிறார்கள். அதைச் சுதந்திரம் என்று யாரும் அழைத்ததில்லை. வீட்டுக்குள் இருந்த பெண்ணுக்குக் ‘கௌரவம்’ என்ற பூட்டு இருந்தது. வெளியில் இருந்த பெண்ணுக்கு அந்தப் பூட்டும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அதனால் இருவரின் கோரிக்கையும் ஒன்றல்ல. ஒருத்திக்குக் காரணம் இல்லாமல் நடக்க உரிமை வேண்டும். இன்னொருத்திக்கு யாரும் விரட்டாமல் உட்கார உரிமை வேண்டும், வேலை முடிந்ததும் பத்திரமாக வீடு போகவும் வேண்டும். முதல் உரிமை இரண்டாவதன் மேல்தான் நிற்கிறது.

ஏலாக்குறிச்சி அன்னையின் பெயரில் இருக்கும் ‘அடைக்கலம்’ என்ற சொல் இங்கே யோசிக்க உதவும். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் அந்த ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்தார். காவல், அடைக்கலம் இரண்டும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. பெண்களின் வாழ்க்கையில் இவை ஒன்றல்ல. காவல் ‘நீ போகாதே’ என்கிறது. அடைக்கலம் ‘நீ வா’ என்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு அடைக்கலம் தந்தவர்கள் இரண்டு பெண்கள்: வழித்துணையாக வந்த கவுந்தி, அவர் கண்ணகியை ஒப்படைத்த ஆயர்குல முதியவள் மாதரி. அரசனின் காவல் நீதியைக் கொன்றது. அதற்கான விலையைக் கொடுத்தவர்களில் இந்த இருவரும் உண்டு. அடைக்கலம் தவறியதென்று மாதரி தீயில் விழுந்தாள், கவுந்தி உண்ணாமல் உயிர் விட்டாள். காப்பியம் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. மாதரிக்குக் கோயில் எழவில்லை.

சிறுவாச்சூர் அம்மன், மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகிதான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இரவு தங்க இடம் கேட்டு வந்தவளுக்கு அங்கே ஏற்கெனவே இருந்த செல்லியம்மன் இடம் கொடுத்ததாக ஊர்க்கதை சொல்கிறது. பிறகு அந்த இடத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு செல்லியம்மன் மலைக்குப் போய்விட்டாளாம். நடந்து வந்த பெண்ணுக்கு இருந்த பெண் இடம் கொடுத்தாள், கடைசியில் இருந்தவளுக்கு இடம் இல்லாமல் போனது. பக்தியோடு கேட்கப்படும் கதைதான் இது. ஆனால் திருவிழாத் தெருவில் நின்று கேட்டால் வேறு மாதிரியும் கேட்கிறது.

கடனை எப்படித் தீர்ப்பது? பேரம் பேசாமல் வாங்குவது நல்ல பழக்கம்தான். பத்து ரூபாய் வளையலுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லும் நாம், பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். ஆனால் இரக்கத்தால் தீரும் கடன் அல்ல இது. அவளுக்கு வேண்டியது இடத்தின் மேல் உரிமை.

அதற்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி, ஒவ்வொரு நகர விற்பனைக் குழுவிலும் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 50 ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்கிருக்கும் வியாபாரிகளை இடம் மாற்றக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. கல்லில் எழுதியதை மட்டும் பாரம்பரியம் என்று நினைக்கும் நமக்கு இது புதிய பார்வை. பாட்டி கடை போட்ட இடத்தில் பேத்தி கடை போடுவதும் பாரம்பரியம்தான். பெரம்பலூரிலும் அரியலூரிலும் இந்தக் குழுக்களில் இருக்கும் பெண்கள் யார், அவர்கள் பேச முடிகிறதா என்பதை அங்கே படிக்கும் மாணவிகள் விசாரிக்கலாம்.

ஆனால் இந்தச் சட்டம் நகரங்களுக்கானது. ஏலாக்குறிச்சி, சிறுவாச்சூர் போன்ற கிராமங்களில் திருவிழாக் கடை போடும் பெண்கள் அதற்கு வெளியே இருக்கிறார்கள். அங்கே கேட்க வேண்டிய இடம் கிராமசபை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாள்களில் அது கூடுகிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. திருவிழா நாள்களில் பெண்களுக்குத் தண்ணீரோடு கழிப்பறை, தரைக்கடைக் கட்டணத்துக்கு ரசீது, கடை கட்டும் நேரம் வரை தெருவிளக்கு, கடைசிக் கடை கட்டிய பிறகும் ஒரு பேருந்து. கோயில், ஆலய நிர்வாகங்களிடமும் இவற்றைக் கேட்கலாம்.

இவற்றில் ஒன்றுகூட வியாபாரிக்கு மட்டுமானது அல்ல. அந்தக் கழிப்பறை பார்க்க வந்தவளுக்கும் வேண்டும். அந்தப் பேருந்து இருந்தால் ‘இருட்டுவதற்குள் வந்துவிடு’ என்ற பேச்சு வீட்டில் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போகும். அக்டோபர் 2-ஆம் தேதி கிராமசபையில் தீர்மானம் எழுதப்பட்டால் கிறிஸ்துமஸுக்கு இன்னும் பன்னிரண்டு வாரங்கள் இருக்கும். ஒரு கழிப்பறை கட்டவும் நான்கு விளக்குப் போடவும் அது போதுமான காலம்.