திரும்பும் வழி

1

பழவேற்காட்டு ஏரி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இதுவே. இத்தனை பெரிய நீருக்குச் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஏரிக்குள் வெகுதூரம் தள்ளி ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று வலையை உதறுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாவின் மணல் நிலம். பழவேற்காடு ஊரை ஒட்டிய முகத்துவாரத்தில் இரண்டு நீரும் கலக்கின்றன.

கடல் கடந்தவர்களின் கதைகள் புறப்பாட்டில் தொடங்கும். பாய் விரிவதும், கரை மறைவதும், என்றோ ஒரு விடியலில் பெயர் தெரியாத தீவு கண்ணில் படுவதும் எனக்கும் பிடித்த இடங்கள். ஆனால் இந்த முகத்துவாரத்தருகே உட்கார்ந்திருக்கும்போது மனம் அங்கே நிற்பதில்லை. போனவர்களில் யார் திரும்பி வந்தார்கள் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கேள்வியின் பின்னால் போய் எழுதியவை இந்தக் குறிப்புகள்.

2

இருட்டு கலையும் முன்பே படகுகள் போய்விடுகின்றன. லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் என்று கரையோரம் நெடுக ஊர்கள். ஒரு காலத்தில் கட்டுமரம்தான் தொழில். 2004 சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் பெருகின. இன்ஜின் மாறினாலும் கடலின் வாசல் மாறவில்லை. மணல் மேடிட்ட இடத்தில் அலை உடைந்து திரளும். அலைகள் அடுத்தடுத்து வந்து ஓயும் அந்தச் சிறு இடைவெளிக்காகக் காத்திருந்து, அது கிடைத்த கணத்தில் படகைச் செலுத்திவிட வேண்டும். தயங்கினால் படகு குறுக்கே திரும்பும்; குறுக்கே திரும்பினால் கவிழும்.

வெளியே போனபின் காற்றைப் படிக்க வேண்டும். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். மேலே காற்று ஒரு பக்கம் தள்ள, அடியில் நீரோட்டம் வேறு பக்கம் இழுக்கும் நாள்களும் உண்டு. கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை, ஒரு பனையையும் கலங்கரை விளக்கத்தையும் என்று வைத்துக்கொள்ளலாம், ஒரே கோட்டில் நிறுத்திப் பார்த்துத் தான் இருக்கும் இடத்தை அறிந்தவர்கள் முந்தைய தலைமுறையினர். இன்று கையில் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆயினும் மீன் எங்கே என்று தெரிவது தொழிலில் பாதிதான். இந்தக் காற்றில், இந்த நீரில் வீடு எப்படிப் போய்ச் சேர்வது என்பது மற்றொரு பாதி.

வெயில் ஏறும்போது கரையில் கூட்டம் சேர்கிறது. ஏலம் எடுக்க வந்தவர்கள் மீனைப் பார்க்கிறார்கள். கூடையோடு நிற்கும் பெண்கள் முதலில் படகைப் பார்க்கிறார்கள், அதில் எத்தனை பேர் என்று பார்க்கிறார்கள், அதன்பிறகே மீன்.

3

இதே கரையிலிருந்து வேறு வகைக் கப்பல்களும் புறப்பட்டன. முதலில் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர்கள் 1610ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடனிடம் உரிமை பெற்றார்கள். 1613ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690ல் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை இடம் பழவேற்காடுதான். கோட்டை இன்று புதர் மூடிய இடிபாடு.

இந்தக் கரையில் பெரிய கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் ஆட்களையும் அலை கடத்திக் கொண்டுசேர்த்தவை மசூலா படகுகள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுப்பதற்காக. அதை வலித்தவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள். தென்மேற்குக் காற்றில் வந்த கப்பல், ஐப்பசியில் புயலோடு வாடை இறங்கும் முன் கரையை விட்டு விலகியாக வேண்டும். ஆயிரக்கணக்கான மைல் கடலைத் தாண்டி வந்த மாலுமியும் கடைசிச் சில நூறு கஜத்துக்கு உள்ளூர்ப் படகோட்டியின் கையைத்தான் நம்பினான்.

கப்பலில் ஏறியது துணி. சாயவேரில் சிவப்பேறிய துணி, கட்டம் போட்டது, கோடு போட்டது, பூ எழுதியது. அது பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, போய், அங்கிருந்து மலுக்குத் தீவுகளைச் சேர்ந்த அம்போனுக்கும் பாண்டா தீவுகளுக்கும் போனது. அம்போனில் கிராம்பு. பாண்டாவில் ஜாதிக்காய், அன்றைக்கு உலகத்துக்கே அந்தச் சிறிய தீவுகளிலிருந்துதான் ஜாதிக்காய் போக வேண்டும். அந்த மக்கள் வெள்ளிக் காசைவிட நம் கரைத் துணியை விரும்பி வாங்கினார்கள். சோழமண்டலக் கரையை மலுக்குத் தீவுகளின் இடக்கை என்றே டச்சு அதிகாரி ஹென்ட்ரிக் பிரவுவர் கருதினார். மலேசியாவில் கட்டம் போட்ட கைலியை இன்றும் பெலிக்காத் என்கிறார்கள். ஊரின் பெயர் துணியோடு போய் அங்கேயே தங்கிவிட்டது.

1621ல் டச்சுக் கம்பெனி பாண்டாவைப் படையெடுத்துப் பிடித்தது. தீவுகளின் மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் மடிந்தார்கள், தப்பி ஓடினார்கள், அல்லது அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆள் ஒழிந்த ஜாதிக்காய்த் தோட்டங்களுக்கு வேலை செய்ய வேறு இடங்களிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். பழவேற்காட்டுத் தறியில் ஓடிய நூலின் மறுமுனை இந்தத் தீவுகளில் இருந்தது என்பதை அறிந்தபின், ஜாதிக்காயை உரசும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த ஆண்டு நினைவுக்கு வருகிறது.

4

கப்பலில் ஏறியது துணி மட்டும் என்று எழுதி நிறுத்த முடியவில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலத்தில் மழை பொய்த்த ஆண்டுகளிலும் போர் நடந்த ஆண்டுகளிலும் அரிசிக்காகத் தங்களையே விற்றுக்கொண்டவர்கள் இருந்தார்கள். பிள்ளைகளை விற்றவர்களும் இருந்தார்கள். தரகர்கள் அவர்களை வாங்கிக் கம்பெனியிடம் விற்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இந்தக் கரையிலிருந்து பத்தாவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த வாணிபத்தின் முக்கிய வாசல்களில் பழவேற்காடும் ஒன்று. ஆப்பிரிக்காவின் தென்முனையில் டச்சுக்காரர்கள் வைத்திருந்த கேப் குடியேற்றத்தின் ஆவணங்களில், அடிமைகளுக்குக் கிறித்தவப் பெயர் ஒன்றும் அதன்பின் வந்த இடத்தின் பெயரும் எழுதப்பட்டன. சோழமண்டலத்தார் என்று அங்கே பதிவானவர்கள் உண்டு. தாய் வைத்த பெயர் அந்த ஏடுகளில் இல்லை.

ஏரிக்கரையில் பகல் முழுதும் மனம் அவர்களையே சுற்றுகிறது. அவர்களும் இந்த அலைகளைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். கடலையே பார்த்திராத உள்நாட்டு உழவர் வீட்டுப் பெண், முதன்முதலாகப் படகில் கால் வைத்து, அலை தூக்கிப் போடும்போது எதைப் பற்றிக்கொண்டிருப்பாள்? படகை வலித்தவர் கப்பலருகே அவளை ஏற்றிவிட்டு அன்று மாலையே வீடு திரும்பியிருப்பார். அவருடைய கூலியும் அவருடைய உணவும் அதில்தான். அவர் அந்த இரவு தூங்கினாரா என்று கேட்டுப் பார்க்கிறேன். எனக்கு அவரைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் அந்தப் படகில் போனவர், வந்தவர் என்று இரு வகை மனிதர்கள் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது என்று தோன்றுகிறது. கடற்பயணம் என்ற ஒரே சொல்லுக்குள் இருவரையும் அடைத்துவிடக் கூடாது.

5

கோட்டைக்கு அருகே டச்சுக் கல்லறைத் தோட்டம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே பட்டையான பெரிய கற்களில் டச்சு எழுத்து, குடும்பச் சின்னங்கள், பிறந்த ஊர், இறந்த நாள். வணிகர்கள், அதிகாரிகள், அவர்களுடைய மனைவியர், குழந்தைகள். இவர்களும் ஒரு பெருங்கடலைத் தாண்டி வந்தவர்கள், திரும்பிப் போகாதவர்கள். ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் ஒரு தாய் கடிதம் வரும் என்று காத்திருந்து, இரண்டு ஆண்டு கழித்து மரணச் செய்தியைப் பெற்றிருக்கக் கூடும். துக்கத்தில் யாருடையது பெரிது என்று அளக்க நான் இங்கே வரவில்லை.

ஆனாலும் கல் யாருக்குக் கிடைத்தது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. இறந்தவர்களை நினைக்க இங்கே இத்தனை கற்கள். இதே ஊர் வழியாக அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. 1824 ஒப்பந்தப்படி மறு ஆண்டு டச்சுக்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஏடுகளை வைத்திருந்தவர்கள் ஏடுகளோடு போனார்கள். பள்ளிப் பிள்ளைகளை இங்கே அழைத்துவரும் ஆசிரியர்கள், இந்த எழுத்துகளைக் காட்டும்போது எழுதப்படாதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குக் கல் தேவையில்லை. சொல்லும் மனம் போதும்.

6

ஏரி தன் போக்கில் திரும்புதலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது.

இறால் கடலில் முட்டையிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் சில வாரங்களில் நீரோட்டத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகின்றன. உப்பும் நன்னீரும் கலந்த இந்தத் தாழ்ந்த நீரில் உணவு உண்டு, பெரிய மீன்களிடமிருந்து ஓரளவு காப்பும் உண்டு. சில மாதங்கள் வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குப் போகின்றன, முட்டையிட. ஒரு விரல் நீள உயிருக்கு இரண்டு உலகம் வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டியிருக்கிறது.

அந்த இறாலைச் சுற்றி மனிதர் முறை வைத்திருக்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் உள்ளிட்ட ஊர்களில் அதன் பெயர் பாடு. இறால் அதிகம் கிடைக்கும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை விட்டுக்கொடுப்பார். அவருக்கு முறை மறுபடி வரும். பாடு முறையில் பங்கில்லாத ஊர்களுக்கு இது நெடுநாள் மனக்குறை என்பதும் உண்மை. ஏரி ஓரத்தில் இருளர் பெண்கள் நீருக்குள் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைக் கூடையில் போடுகிறார்கள். பங்கீடு இன்னும் விரிய வேண்டும். ஆனால் முறை திரும்பி வரும் என்ற நம்பிக்கையின் மேல் ஒரு தொழிலை நிறுத்தியவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது.

மழைக்காலம் முடிந்தால் பூநாரைகள் வந்து நிற்கின்றன. கூழைக்கடாக்களும் நாரைகளும் கூட. நீர் வற்றத் தொடங்கியதும் போய்விடும். ஏரி இருக்கும்வரை மறுபடி வரும்.

7

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் ஏறுகின்றன. ஏவும் நாளில் கடலுக்குள் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வரும். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 இங்கிருந்துதான் புறப்பட்டது. தீயும் புகையும் மேலேறி, முழக்கம் சற்றுத் தாமதித்து ஏரியின் மேல் வந்து சேரும்போது மார்புக்குள் அதிர்கிறது. நிலவில் இறங்கிய கலம் அங்கேயே இருக்கும். திரும்பி வரும்படி அமைக்கப்பட்டதல்ல. மனிதன் போன தூரங்களில் பெருமை கொள்ளாமல் இருக்க முடியாது. நானும் கொள்கிறேன். அதே நேரத்தில், அந்த ஏவுதளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்களையும் நினைக்கிறேன். அவர்களுடைய ஊர் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. திரும்பத்தான் முடியாது.

8

கோடையில் முகத்துவாரம் தூர்ந்து போவதுண்டு. கடல் மணலைக் கொண்டுவந்து குவிக்கிறது. ஆரணியாற்றிலும் காளங்கியிலும் அதைத் தள்ளிவிட வெள்ளம் இல்லை. வழி அடைபட்டால் ஏரி நீர் வெயிலில் வற்றி உப்பேறுகிறது. உள்ளே இருக்கும் இறால் வெளியே போக முடியாது, வெளியே இருக்கும் குஞ்சு உள்ளே வர முடியாது, படகுக்கும் வழியில்லை. ஊர்க்காரர்களே பணம் திரட்டி மணலை வெட்டித் திறந்த ஆண்டுகள் உண்டு. நிரந்தரமாகத் திறந்திருக்கும் முகத்துவாரம் வேண்டும் என்று பல்லாண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

தெற்கே எண்ணூரில் 2001ல் துறைமுகம் வந்தது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இன்னொன்று. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பல மடங்கு விரிக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவ ஊர்கள் எதிர்த்து நிற்கின்றன. கடலுக்குள் கல் நீட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும் என்பதை அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள் கேட்பது பெரிய கப்பல்களே வேண்டாம் என்றல்ல. தங்கள் வாசல் மூடப்படக் கூடாது என்பதே.

நானூறு ஆண்டுகளாக இந்தக் கரைக்குத் தொலைவிலிருந்து வந்தவர்கள் எதை ஏற்றிக்கொண்டு போகலாம் என்றே பார்த்தார்கள். இங்கே வாழ்கிறவர்களுக்கோ, போனவர் வருவாரா என்பதே கேள்வி. இரண்டாவது கேள்வியே ஒரு துறைமுகத்தை அளக்கும் சரியான அளவுகோல் என்று நான் நம்புகிறேன். இந்தக் குப்பங்களின் பிள்ளைகள் கடலோடு நிற்கட்டும், கப்பலேறி உலகத்தின் எல்லாத் தீவுகளையும் பார்க்கட்டும், படித்து ராக்கெட் தளத்துக்கே போகட்டும். எங்கே போனாலும், திரும்பி வந்து வலை வீச விரும்பும் நாளில் அவர்களுக்கு இறால் உள்ள ஏரியும், ஏரிக்குத் திறந்த முகத்துவாரமும் இருக்க வேண்டும். அதைக் காப்பது அரசின் கடமை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்பது இந்தக் கரையின் மீனை உண்ணும் நம் எல்லோருடைய கடமை.