அந்த இரண்டு ஆண்டுகள்

உலா இலக்கியம் நடத்தும்போது ஏழு பருவங்களையும் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பேதை 5 முதல் 7 வயது, பெதும்பை 8 முதல் 11 என்று தொடங்கி, 40 வயதுப் பேரிளம்பெண்ணில் முடியும். நாகர்கோவிலில் என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "இந்த வயசையெல்லாம் அவங்ககிட்ட கேட்டா எழுதினாங்க, மேடம்?" எல்லோரும் சிரித்தோம். அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

உடலைப் பார்த்து வயது சொல்லும் வேலை இன்றும் நடக்கிறது. இடது கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் முனைகள் எவ்வளவு இணைந்திருக்கின்றன என்று பார்க்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படும் க்ரூலிச்-பைல் படத்தொகுப்பு 1950இல் வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியான வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளின் கைகள் அவை. குழந்தையின் வளர்ச்சியில் குறை உண்டா என்று அறிய மருத்துவருக்கு உதவும் நல்ல கருவிதான். ஆனால் அது எலும்பின் முதிர்ச்சியைச் சொல்லும். பிறந்த தேதியைச் சொல்லாது. சத்தான உணவு கிடைக்காத பிள்ளையின் எலும்பு பின்தங்கும். பெண்பிள்ளைகளின் எலும்பு ஆண்பிள்ளைகளுடையதைவிட முந்தி முதிரும்.

நீதிமன்றத்திலும் எலும்பு சாட்சி சொல்கிறது. 2015இன் இளைஞர் நீதிச் சட்டம், 94ஆம் பிரிவில், முதலில் பள்ளிச் சான்றையும் அடுத்து உள்ளாட்சியின் பிறப்புச் சான்றையும் கேட்கிறது. இவை இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. எக்ஸ்ரே சொல்லும் வயது இரு பக்கமும் 2 ஆண்டு பிசகலாம் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தடுப்புக் காவலில் இருந்த ஒரு பள்ளி மாணவனின் வழக்கு அது. அந்தப் பிசகு அவனைச் சிறுவனாகக் காண உதவியது. 2024 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், போக்சோ வழக்குகளில் பரிசோதனை தரும் மேல் வயதை எடுத்துக்கொண்டு அதன்மேல் 2 ஆண்டு கூட்டச் சொன்னது. 16 முதல் 18 என்று அறிக்கை வந்த சிறுமி 20 வயதுப் பெண்ணாகிவிடுகிறாள்.

சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்பது நானும் நம்பும் அறம். அதைக் கைவிட்டால் முதலில் சிறைக்குப் போவது ஏழை வீட்டுப் பையன்கள்தான். ஆனால் இந்தச் சந்தேகத்தை உண்டாக்கியது யார்? பிறப்பைப் பதியவேண்டும் என்று 1969 முதல் சட்டம் இருக்கிறது. பெரியவர்கள் எழுதாமல் விட்ட ஒரு வரிக்காகச் சிறுமி தன் குழந்தைப் பருவத்தில் இரண்டு ஆண்டுகளை இழக்கிறாள்.

ஆகவே பதிவேடுகளைக் கடைசிவரை தேடிய பிறகே அவள் கை எக்ஸ்ரே மேசைக்கு வரவேண்டும். அப்போதும் வயது உறுதிப்படவில்லை என்றால் வழக்கு அங்கேயே முடிந்துவிடக் கூடாது. பதினெட்டு கடந்தவளுக்கும் 'வேண்டாம்' என்று ஒரு சொல் உண்டு. அவள் அதைச் சொன்னாளா என்று அவளிடம்தான் கேட்கவேண்டும்.