சிவப்பு எழுத்தைக் கண்டு ஓடாதே!

நாற்பது கிளைகள். நாற்பது ஃபைல்கள். மாதம் பிறந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து, காப்பி எடுத்து, ஒரே எக்ஸெல் தாளில் பேஸ்ட் போட்டு, 27வது ஃபைலை ஒட்டினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் மறுபடி முதலிலிருந்து! இந்தச் செக்கைச் சுற்றவா படித்தாய்?

"கோடிங் எனக்கு வராதுங்க" என்கிறாய். யார் சொன்னது? எந்தக் கிளையில் தேதியைத் தலைகீழாக எழுதுவார்கள், எந்தக் கிளையில் பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளி விடுவார்கள் என்று உனக்கு மனப்பாடம். வேலையின் கடினமான பாதி அதுதான். மிச்சப் பாதி தட்டச்சு!

ஆர் மொழியைத் திற. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் தொடங்கிய மொழி. 2000 பிப்ரவரி 29இல் 1.0.0 பதிப்பாக வந்தது. பைசா கேட்காது. 'லிஸ்ட்.ஃபைல்ஸ்' என்றால் ஃபோல்டரில் இருக்கும் ஃபைல் பெயர்களையெல்லாம் எடுத்துக் கொடுக்கும். 'எல்அப்ளை' அவற்றை ஒவ்வொன்றாக 'ரீட்.சிஎஸ்வி'யிடம் நீட்டும். 'டூ.கால்' சொல்ல, 'ஆர்பைண்ட்' நாற்பதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும். மூன்றே வரி. அடுத்த மாதம் அதே மூன்று வரி.

முதல் தடவை ஓடாது. சொல்லிவிடுகிறேன். பத்திப் பெயர்கள் பொருந்தவில்லை என்று சிவப்பில் கத்தும். அங்கேதான் பாதிப் பேர் மூடிவிட்டு எக்ஸெலுக்குத் திரும்புகிறார்கள். திரும்பாதே! அது உன்னைத் திட்டவில்லை. ஒரு கிளை 'தொகை' என்றும் இன்னொரு கிளை 'மொத்தத் தொகை' என்றும் எழுதியிருக்கிறது, அதைக் காட்டிக்கொடுக்கிறது. இத்தனை நாள் கையால் ஒட்டியபோது யார் காட்டிக்கொடுத்தார்கள்?

பயப்பட வேண்டியது மௌனத்துக்கு. 2020 செப்டம்பர் கடைசி, இங்கிலாந்து. கொரோனா பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த சிஎஸ்வி ஃபைல்களைப் பொதுச் சுகாதாரத் துறை எக்ஸெலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான். மிஞ்சியவை உதிர்ந்தன. 15,841 தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. பெரிய துறை, படித்த ஆட்கள். அவர்களுக்கே அப்படி என்றால், உன் கையில் ஒரு பிழைச் செய்தி வருவதற்கா கூனிக்குறுகுகிறாய்?

ஆரும் சில இடங்களில் வாய் திறக்காது. '007' என்ற ஊழியர் எண்ணை 7 ஆக்கிவிடும். 'கால்கிளாசஸ்' போட்டு, எழுத்தாகவே படி என்று அதட்டிச் சொல். 'டிப்ளையர்' என்ற ஆர் துணைத் தொகுப்பின் 'பைண்ட்_ரோஸ்' இன்னும் நல்ல பிள்ளை: பெயர் பொருந்தாவிட்டாலும் சண்டை போடாமல் காலி இடங்களில் 'என்ஏ' நிரப்பிக் கொடுத்துவிடும். எனக்கு அந்தச் சமர்த்து பிடிப்பதில்லை. புதிதாகக் கற்பவர் 'ஆர்பைண்ட்' என்ற சண்டைக்காரனிடமே கற்கட்டும்.

இன்று சாயங்காலமே உட்கார். நாற்பது தேவையில்லை, மூன்று ஃபைலை எடு. நாளை நாற்பது. ஒவ்வொரு ஃபைலின் வரிகளையும் எண்ணிக் கூட்டு. சேர்த்த அட்டவணைக்கு, வரிகளை எண்ணும் 'என்ரோ' போட்டுப் பார். இரண்டு எண்ணும் ஒன்றா? எழுந்து நேரே மேலதிகாரி மேசைக்குப் போ. ஒன்றில்லையா? 27வது ஃபைலைத் திற.