சுவடும் மண்ணும்: மலையகச் சிறுகதை பற்றிய ஓர் உரையாடல்

சிறுகதை தன்னை எழுதியவரின் வாழ்வையும் அவர் பிறந்த சமூகத்தின் பண்பாட்டையும் எவ்வாறு தாங்கி நிற்கிறது என்னும் வினா பழையதாயினும், இலங்கையின் மலையகத்தில் அதற்குத் தனி அழுத்தம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்ட மக்களைப் பற்றித் தோட்டத் துரைமாரின் கணக்கேடுகளும் அரசின் அறிக்கைகளும் ஏராளமாக எழுதிவைத்திருக்க, அம்மக்கள் தம் வாழ்வைத் தாமே கதையாக எழுதத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில்தான். சிவனொளிபாதமலையின் அடிவாரமாகிய நல்லதண்ணியில், மலையேறும் பருவம் முடிந்து கடைத்தெரு அடங்கியிருக்கும் மாதங்களில், இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கும் அவரது மாணாக்கிக்கும் இடையே நிகழ்வதாகப் பின்வரும் உரையாடல் அமைக்கப்பட்டுள்ளது.

மாணாக்கி: ஐயா, சிறுகதையை வாழ்வின் கண்ணாடி என்று சொல்வது வழக்கமாக இருக்கிறது. அவ்வாறாயின், கதையைப் படித்தவர் அதை எழுதியவரின் வாழ்வையும் படித்தவராவாரா?

ஆசிரியர்: கண்ணாடி தன் முன் நிற்பவை அனைத்தையும் காட்டும், எதையும் தேர்ந்தெடுக்காது, நின்றவர் விலகியதும் வெறுமையாகிவிடும். கதையோ தேர்ந்தெடுப்பதாலேயே பிறப்பது, எழுதியவர் மறைந்த பின்பும் நிலைப்பது. ஆதலால் அவ்வுவமை பொருந்தவில்லை. நல்லதண்ணியில் வாழ்பவருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை மலையுச்சியிலேயே இருக்கிறது, மகள். அங்குள்ள பாதச்சுவட்டைப் பௌத்தர் புத்தருடையது என்பர், சைவர் சிவனுடையது என்பர், முஸ்லிம்கள் ஆதம் நபியுடையது என்பர். எவருடையது என்பதில் வேறுபடுவோரும் சுவடு என்றால் என்ன என்பதில் வேறுபடுவதில்லை. எந்தச் சுவட்டிலும் நடந்தவரின் முகம் தெரியாது; அவரது எடை தெரியும், சென்ற திசை தெரியும், மிதிபட்ட மண் ஈரமா இறுகியதா என்பது தெரியும். கதையில் எடையும் திசையும் எழுதியவரின் வாழ்விலிருந்து வருகின்றன; மண் அவரது பண்பாடு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சுவடு விழாது.

மாணாக்கி: இவ்வாறு பகுத்துப் பார்ப்பதற்குத் தமிழ் மரபில் இடம் உண்டா?

ஆசிரியர்: தொல்காப்பியமே இடம் தருகிறது. அகப்பாட்டின் பொருளை அது முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கும். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, மரம், பறை, தொழில் போன்றவை. உரிப்பொருள் என்பது அங்கு வாழும் மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம். மேலும், புலவர் பாடுவதில் உலகியல் வழக்கு, அதாவது நடைமுறையில் காண்பது, நாடக வழக்கு, அதாவது சுவைபடப் புனைவது, என்னும் இரண்டும் கலந்திருக்கும் என்றும், அகத்திணை மாந்தரை அவர்களது இயற்பெயரால் சுட்டலாகாது என்றும் அந்நூல் கூறுகிறது. பெயர் நீங்கும்போதுதான் ஒருவருக்கு நேர்ந்தது பலருக்கும் உரியதாகிறது. வாழ்வு இலக்கியமாகும் வழியை அவ்விதி உணர்த்துகிறது.

மாணாக்கி: மலையகம் மலைநிலம் ஆதலால் குறிஞ்சி எனப்படும், குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல். ஆனால் மலையகக் கதைகளில் அது மேலோங்கியதாகத் தெரியவில்லையே?

ஆசிரியர்: அங்கேதான் வரலாறு இலக்கணத்தைத் திருத்துகிறது. நிலம் மலையே, பொழுது விடியற்காலப் பெரட்டு, அதாவது தொழிலாளரைக் கூட்டி அன்றைய வேலைக்குப் பிரித்தனுப்பும் நேரம், பறை தப்பு, தெய்வம் மாரியம்மன், தொழில் கொழுந்து கொய்தல். உரிப்பொருளோ பாலைக்குரிய பிரிவாகிவிட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் நிலையைப் பின்னர் முடிவு செய்வதற்கு விட்டுவைத்தது. ஒரே லயத்தில், அதாவது ஒற்றைக் கூரையின் கீழ் வரிசையாக அமைந்த தொழிலாளர் குடியிருப்பில், ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, இந்தியாவுக்கும் அடுத்த காம்பரா இலங்கைக்கும் உரியதாயிற்று. கப்பலேறத் தலைமன்னாருக்குச் செல்வோரை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் கதைத் தொகுதி ஒன்றுக்கு அப்பெயரையே சூட்டினார். இறந்தோருக்காகப் பாடும் ஒப்பாரியை உயிரோடு பிரிவோருக்காகப் பாட நேர்ந்த ஒரு சமூகத்தின் நிலை அந்த இரண்டு சொற்களில் அடங்கியிருக்கிறது.

மாணாக்கி: மண் ஒன்றே என்றால், அதில் நடந்த எழுத்தாளர் அனைவரின் கதையும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும் அல்லவா?

ஆசிரியர்: மண் ஒன்றாயினும் அதில் அவரவர் நின்ற இடம் வேறு. தோட்டம் என்பது படிகளாக அமைந்தது: மேட்டில் துரையின் பங்களா, அதற்குக் கீழே உத்தியோகத்தரின் வீடுகள், அதற்கும் கீழே லயங்கள். துரைக்கும் தொழிலாளருக்கும் இடையில் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் இருப்பர். 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர், தொழிற்சங்கத் தலைவர். ஆதலால் 'வீடற்றவன்' முதலிய அவரது புனைவுகளில் தனிமனிதத் துன்பம் உரிமைப் போராட்டத்தை நோக்கித் திரும்புகிறது. 1934இல் பதுளைப் பகுதியில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரின் மகனாகப் பிறந்த தெளிவத்தை ஜோசப், லயத்துக்குள்ளும் அல்லாமல் பங்களாவிலும் அல்லாமல் இரண்டையும் காணக்கூடிய நடுப்படியில் நின்றவர். வளர்ந்த பிள்ளைகளோடு ஒற்றை அறையில் உறங்க வேண்டியிருக்கும் கணவன் மனைவியின் கூச்சத்தை அவரது 'மீன்கள்' சொல்கிறது. முழக்கம் எழுப்பாமல் கதவருகே நின்று கேட்பவரின் மென்குரல் அது. என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு பெண்ணின் உழைப்பு ஐயத்துக்கு உள்ளாவதைக் காட்டுகிறது. தராசு முன் நிற்பவளின் மானம் இறாத்தலில் அளக்கப்படுவதை அருகிருந்து கண்டவரால்தான் அதை அவ்வாறு எழுத முடியும்.

மாணாக்கி: அருகிருந்து காணாதவர் எழுதலாகாதா? தமிழ்நாட்டு எழுத்தாளர் புதுமைப்பித்தன் இலங்கைத் தோட்டத்தில் வாழ்ந்தவர் அல்லரே. அவரது 'துன்பக்கேணி'யை எங்கே வைப்பது?

ஆசிரியர்: நல்ல மறுப்பு. 1935இல் 'மணிக்கொடி' இதழில் வெளிவந்த அக்கதையின் நாயகி மருதி திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குச் செல்கிறாள். அக்கதையின் வலிமை எங்கே மிகுதி என்று நோக்கினால் விடை கிடைக்கும். ஆள் பிடிக்கும் தரகன், பிழைக்க வழியில்லாத சேரி, சாதியின் பெயரால் கதவடைக்கும் கிராமம் ஆகியவற்றை எழுதும்போது அவரது கால் ஆழப் பதிகிறது, ஏனெனில் அது அவருக்குப் பழகிய மண்; தோட்டத்தை எழுதும்போது சினம் குறையவில்லை, ஆனால் அன்றாட வேலையின் நுணுக்கம் குறைகிறது. மக்கள் புறப்பட்டுவந்த மறுகரையை அவர் எழுதினார். ஆகவே வெளியிலிருந்து எழுதுவது குற்றமன்று. வெளியே நின்றவர் உள்ளே நின்றதாகக் காட்டிக்கொள்வதே குற்றம். ருஷ்ய எழுத்தாளர் செக்கோவும் 1890இல் சகாலின் தீவின் சிறைக்குடியேற்றத்தைப் பார்த்துவிட்டுக் கடல்வழியாகத் திரும்புகையில் கொழும்பிலும் கண்டியிலும் தங்கியவர்தான். இத்தீவின் அழகை அவர் கடிதங்களில் வியந்தார். ஆனால் இங்கிருந்தபோது எழுதத் தொடங்கிய 'கூசெவ்' என்னும் கதை இலங்கையைப் பற்றியது அன்று, கப்பலில் நோயுற்று இறந்து கடலில் விடப்படும் படைவீரன் ஒருவனைப் பற்றியது. அப்பயணத்தில் கடலடக்கத்தை அவர் நேரில் கண்டிருந்தார். மருத்துவராகிய அவரது உள்ளத்தில் பதிந்தது பச்சை மலை அன்று, அந்தப் பிணம். எழுதப்பட்ட இடத்தைவிட எழுதியவரை அழுத்திய அனுபவமே கதையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது சான்று.

மாணாக்கி: 1967இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலாண் பார்த் ஆசிரியரின், அதாவது படைப்பை எழுதியவரின், மரணத்தை அறிவித்தாரே? எழுதியவர் யார் என்று கேளாமல் எழுத்தை மட்டுமே படிக்க வேண்டும் என்பவருக்கு என்ன விடை?

ஆசிரியர்: அவ்வறிவிப்பில் ஓர் எச்சரிக்கை உண்டு, அது ஏற்கத்தக்கது. கதையில் குடிகாரன் வந்தால் எழுதியவரின் தந்தை குடிகாரர் என்று முடிவுகட்டுவது சுவட்டைப் பார்த்து முகம் வரைவது போன்ற பிழை. ஆனால், முன்பே பெயர் வழங்கப்பட்டிருந்த எழுத்தாளரின் பெயரை நீக்குவது வேறு, ஊழியப் பதிவேட்டில் எண்ணாக மட்டும் இருந்த ஒரு சமூகத்தின் எழுத்தாளருக்குப் பெயரே வேண்டாம் என்பது வேறு. தெளிவத்தை ஜோசப், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், பதுளை சேனாதிராஜா என்னும் பெயர்களைக் கவனிக்க வேண்டும். ஊர்ப்பெயரை முன்னே இடுவது தமிழர் அனைவருக்கும் பொதுவான வழக்கமே. ஆயினும் இந்த நாடு உன்னுடையது அன்று என்று சட்டம் சொன்ன காலத்தில், தோட்டத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ தம் பெயருக்கு முன்னே அச்சிட்டவர்கள் கதை தொடங்கும் முன்பே ஒரு வழக்கை உரைத்துவிட்டார்கள்.

மாணாக்கி: எழுதியவரின் வாழ்வு அவர் நின்ற இடத்தில் தெரிகிறது. பண்பாடு எங்கே தெரிகிறது? காமன் கூத்தும் அம்மன் திருவிழாவும் கதையில் வந்தால் போதுமா?

ஆசிரியர்: விழாவை வெளியூராரும் எழுதிவிடலாம். பண்பாடு மிகுதியாகத் தெரிவது, எழுதியவர் விளக்க வேண்டும் என்றே நினைக்காத சொல்லில். தோட்டத்தில் ஒரு நாள் ஊதியத்துக்குப் 'பேர்' என்று பெயர். அன்று வேலைக்கு வந்தவரின் பெயர் பதிவேட்டில் ஏறுவதால் அவ்வழக்கு உண்டானது. வேண்டிய அளவு கொழுந்து எடுக்காதவருக்கு 'அரைப்பேர்' போடுவார்கள், அதாவது பாதிச் சம்பளமே கிடைக்கும். 'அவளுக்கு அரைப்பேர் போட்டுவிட்டார்கள்' என்று ஒரு கதையில் வந்தால், வெளியூர் வாசகர் அதைத் தாண்டிச் சென்றுவிடுவார். தோட்டத்தில் வளர்ந்தவர் அங்கே நின்றுவிடுவார். ஒரு மனிதரின் பெயரையே பாதியாக வெட்ட முடியும் என்பதை அச்சொல் தன்னையறியாமல் சொல்கிறது. பெரட்டு, கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), பிள்ளைக்காம்பரா (குழந்தைக் காப்பகம்) போன்ற சொற்கள் ஒவ்வொன்றும் இவ்வாறு ஒரு நடைமுறையை உள்ளடக்கியவை.

மாணாக்கி: சொல்லப்பட்டவை இருக்கட்டும். கொழுந்து கொய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் முற்கால மலையகச் சிறுகதை ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இது எதைக் காட்டுகிறது?

ஆசிரியர்: எழுத நேரமும் விளக்கும் பள்ளிப்படிப்பும் யாரிடம் இருந்தன என்பதைக் காட்டுகிறது. 1960களில் 'வீரகேசரி' நாளிதழ் நடத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகள் பலரை எழுத வைத்தன. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாயின. 1997இல் துரைவி பதிப்பகம், தெளிவத்தை ஜோசப்பைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு, 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்னும் இரு பெருந்தொகுப்புகளைக் கொண்டுவந்தது. இவற்றில் கூடை சுமக்கும் பெண் பலமுறை வருகிறாள். ஆனால் பெரும்பாலும் பிறர் சொல்ல வருகிறாள். பெண் எழுத்தாளர்களில் நயீமா சித்தீக் போன்றோர் முன்பும், பிரமிளா பிரதீபன் போன்றோர் அண்மையிலும் அக்குறையை ஓரளவு நீக்கியிருக்கிறார்கள். லயத்துக்குள்ளேயே நிலவிய சாதி வேற்றுமையும் அவ்வாறே நெடுங்காலம் அடக்கியே பேசப்பட்டது. மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்கு வரும் பாதையோரத்தில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் இருக்கிறது. பழைய மஸ்கெலியா நகரம் அதனுள் மூழ்கியிருக்கிறது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளிப்படுகின்றன. ஒரு காலத்தின் கதைகள் பேசாமல் விட்டவையும் அவ்வாறு நீருக்கடியில் இருப்பவையே; இல்லாதவை அல்ல.

மாணாக்கி: அவ்வாறாயின் இங்கிருந்து எழுதத் தொடங்கும் ஒருத்தி எதை முதலில் கருத வேண்டும், ஐயா?

ஆசிரியர்: தன் வாழ்வைக் கதையாக்க வேண்டும் என்றோ, பண்பாட்டைக் காக்க வேண்டும் என்றோ அவள் தொடங்க வேண்டியதில்லை, தான் நிற்கும் இடத்தை மறைக்காமல், தான் கண்ட ஒரு செயலைச் சரியாக எழுதினால் இரண்டும் தாமே வந்து சேரும். இவ்வுரையாடலில் அரைப்பேர் என்னும் சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியிருந்தது, ஏனெனில் விளக்குவது நூலின் கடமை. கதைக்கு அக்கடமை இல்லை. அச்சொல்லை அவள் விளக்காமலே எழுதட்டும். அறியாத வாசகர் தோட்டத்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.