நிலத்தடி நீரும் நம் அறமும்

எமது ஆலயங்களில் எம்பெருமானுக்கு நாள்தோறும் அபிஷேகமாகும் நீர் திருமஞ்சனக் கிணற்றில் ஊறுவது. அந்த ஊற்றே எமது வீட்டுக் கிணற்றுக்கும் தோட்டக் கிணற்றுக்கும் ஊற்று. வற்றாத ஆறொன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு உண்டு. அதைவிட்டால், மழை தந்து சுண்ணாம்புக்கல் சேமித்து வைத்த நிலத்தடி நீரே எமது செல்வம்.

முன்னோர் இதன் அருமையை அறிந்திருந்தனர். காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் எழுதி வைத்தனர். எல்லை வேலி ஓரடி நகர்ந்தாலும் நீதிமன்றம் செல்லும் சமூகம் எம்முடையது. ஆயினும் அவ்வேலிக்குக் கீழே நடப்பதைப் பற்றி நாம் வழக்காடுவதில்லை.

அங்கே நடப்பது என்ன? வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடும் யூரியாவில், பயிர் உண்டது போக எஞ்சியது நைத்திரேற்றாக மாறுகின்றது. அது மழையோடும் இறைப்பு நீரோடும் செம்மண்ணைக் கடந்து, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக நிலத்தடி நீரை அடைகின்றது. மலசலகூடக் குழிகளின் கசிவும் இதனோடு சேர்கின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பயிர்ச்செய்கை செறிந்த இடங்களில் பல கிணறுகள் இதனைத் தாண்டியிருப்பதாக 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் கூறி வருகின்றனர்.

இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். இந்நீரிற் கரைத்த புட்டிப்பாலைப் பருகும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக் கூடும். அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவர் ஹன்டர் கொம்லி 1945இலேயே கிணற்று நீருக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்தார்.

இனி அறத்தின் கேள்விக்கு வருவோம். ஒருவர் தம் தோட்டத்தில் இட்ட ஒரு பிடி பசளை எவரையும் வருத்துவதில்லை. ஆயிரம் பேர் இட்டது ஒன்றுசேரும்போது எங்கோ ஒரு குழந்தை வருந்துகின்றது. அந்தப் பாவம் யாருடையது? "என் காணி, என் பசளை" என்று ஒவ்வொருவரும் விலகிக் கொள்ளலாமா? கிணற்றில் எனக்குப் பங்குண்டு என்று உறுதி காட்டுபவர், அந்நீர் கெட்டதிலும் தமக்குப் பங்குண்டு என்று ஏற்பதே நியாயம். உரிமை பங்கானால் பொறுப்பும் பங்கே. அறியாமற் செய்தது மன்னிக்கத் தக்கது. அறிந்த பின்னும் அதையே செய்வது வேறு.

அதற்காகக் கமக்காரரை மட்டும் குற்றவாளியாக்குவதும் அறமன்று. 2021இல் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. விளைச்சல் வீழ்ந்து விவசாயிகள் தவித்தபின், அவ்வாண்டு நவம்பரிலே அத்தடையைக் கைவிட்டது. கட்டளையால் வராத தூய்மை, கடமையுணர்வால் வரவேண்டும். மண்ணைப் பரிசோதித்து அளவறிந்து பசளையிடுதல், அதனைச் சிறிது சிறிதாகப் பிரித்து இடுதல், பெருமழைக்கு முன் இடாதிருத்தல், கிணற்றருகே மலக்குழி வெட்டாதிருத்தல், கைக்குழந்தைக்குப் பரிசோதித்த நீரையே கொடுத்தல் ஆகியன எம்மால் இயன்றவையே.

கிணறு வெட்டுவித்தல் பெரும் புண்ணியம் என்றனர் முன்னோர். அவர்கள் வெட்டித் தந்த கிணறுகளைக் கெடாமற் காத்து, வரும் தலைமுறையின் கையிற் கொடுப்பதே எமக்குரிய புண்ணியமாகும்.