மறைக்காதே, காண்பி!



உடம்பில் ஒரு வெளிறின படை. அரிப்பில்லை, வலியில்லை, தொட்டால் உணர்ச்சியும் இல்லை. வீட்டில் என்ன சொல்லுகிறோம்? "தேமல்தான், ஒண்ணும் செய்யாது." உள்ளே சந்தேகம் வந்துவிட்டாலோ, "வெளியே தெரிஞ்சா பொண்ணுக்கு எப்படி வரன் வரும்?" என்று முழுக்கைச் சட்டையால் மூடிவிடுகிறோம். ஊரும் உறவும் தலைமுறை தலைமுறையாய் ஊட்டின பயம் இது. குஷ்டம் என்றால் சாபம், பரம்பரை வியாதி, பாவத்தின் சம்பளம் என்று கேட்டே வளர்ந்தோம்.

இரட்சிக்கப்பட்ட பிறகும் இந்த எண்ணம் நம்மை விட்டுப் போனதா? வேதத்தையே அதற்குச் சாட்சியாக இழுக்கிறோம். மிரியாமைப் பாருங்கள், கேயாசியைப் பாருங்கள், உசியா ராஜாவைப் பாருங்கள் என்கிறோம். ஆனால் லேவியராகமம் 13, 14 அதிகாரங்களைக் கவனித்து வாசியுங்கள். அங்கே வஸ்திரத்திலும் குஷ்டம், வீட்டுச் சுவரிலும் குஷ்டம்! அப்படியானால் அங்கே சொல்லப்பட்டது இன்றைக்கு டாக்டர் சொல்லுகிற தொழுநோய் மாத்திரம் அல்ல என்பது விளங்குகிறதல்லவா? பிறவிக் குருடனைக் குறித்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, அவன் பெற்றோரும் அல்ல என்று இயேசு சொல்லிவிட்டாரே (யோவான் 9). நாம் ஏன் இன்னும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்?

பிரியமானவர்களே, உண்மையை அறியுங்கள். தொழுநோய் ஒரு கிருமியால் வருகிறது. 1873-ல் நார்வே தேசத்து டாக்டர் ஹான்சன் அதைக் கண்டார். இது பரம்பரை வியாதி அல்ல. பெரும்பாலோருடைய சரீரத்தில் அதை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. கொல்லிமலையில் மிஷனெரி தம்பதிக்குப் பிறந்து, வேலூரில் ஊழியம் செய்த டாக்டர் பால் பிராண்ட் இன்னொன்றையும் எடுத்துக்காட்டினார். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி செத்துப்போனதால் சூடு தெரியாது, காயம் தெரியாது. கவனிக்காமல் விட்ட புண்தான் விரலைத் தின்கிறது. பாருங்கள், மறைத்த நாட்களே ஊனத்தைக் கொண்டுவருகின்றன!

இன்றைக்கு அரசு ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து இலவசம். நோயின் நிலையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். மருந்து ஆரம்பித்த சில நாட்களிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். சிறுநீர் சிவக்கும், தோல் கறுக்கும். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

"ஜெபிச்சாச்சு, இனி மாத்திரை எதுக்கு? அது அவிசுவாசம்" என்று சிலர் சொல்லுகிறார்கள். எசேக்கியாவின் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார். ஆனாலும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் போடச் சொன்னானே (2 இராஜாக்கள் 20)! பவுலோடு ஊழியத்தில் இருந்த லூக்காவும் வைத்தியன்தானே? சுகமாக்குகிறவர் கர்த்தரே, அல்லேலூயா! மாத்திரையும் அவர் கையில் ஒரு கருவி. ஆகையால் ஜெபத்தின் பேரில் எவருடைய மருந்தையும் நிறுத்தச் சொல்லாதிருங்கள். அதினால் ஒரு சகோதரன் கையை இழந்தால் கணக்கு ஒப்புவிக்கப்போவது யார்?

மத்தேயு 8-ம் அதிகாரத்தில் ஆண்டவர் செய்ததைப் பாருங்கள். முதலாவது, ஊர் ஒதுக்கினவனைத் தொட்டார். சுகமான பிறகும், போய் ஆசாரியனிடத்தில் உன்னைக் காண்பி என்றார். சோதித்துப் பார்த்துச் சுத்தம் என்று சொல்லுகிற பொறுப்பு அந்நாளில் ஆசாரியனுடையது. இந்நாளில் அந்த வேலை டாக்டருடையது.

தேவபிள்ளையே, உன் சரீரத்தில் உணர்ச்சியற்ற படை உண்டா? இந்த வாரமே போய்க் காண்பி. வெட்கப்படாதே! சபையாரே, மருந்து சாப்பிடுகிற ஒருவர் ஆராதனைக்கு வந்தால் பாயைத் தள்ளிப் போடாதிருங்கள். பக்கத்தில் உட்காருங்கள், கைகுலுக்குங்கள். திருவிருந்தில் அவரைக் கடைசியில் நிறுத்தாதிருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் முன்னோர் தந்த வீண்பயத்தை எங்களைவிட்டு எடுத்துப்போடும். மறைத்து வைத்திருக்கிறவருக்குத் தைரியம் தாரும். தொடுகிற உமது கரத்தை எங்களுக்கும் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.